தேங்காய் நேரேதான் விழும்

இல்ல மக்களே, வாயத் தொறக்காண்டாம். தாடைக்குக் கம்பி போட்டுக் கெட்டியிருக்கு. பல்லக் கடிச்சுக்கிட்டே பேசுகவியளும் உண்டு, ஆனா மூணு நாளைக்கு வேண்டாம்ணு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆமாண்ணா ஒருதரம் கண்ணடை. இல்லண்ணா ரெண்டுதரம். கூடுதல் என்னமாவது சொல்லணும்ணா, இந்தா, நோட்டும் பேனாவும் தாறேன், அதுல எழுது. எனக்கு வாசிக்கத் தெரியும். டாக்டர்மாருக்க எழுத்தையே வாசிக்கேன், ஒனக்க எழுத்துக்கு என்ன.

மாமியாரத் தேடுகியா? அவிய கீழ போயிருக்காவ. இன்சூரன்ஸ் கவுண்டர்ல ஒனக்க ஆதார் கார்டு ரெண்டு காப்பி கேக்காவண்ணு நாந்தான் சொல்லி அனுப்பினேன். யாரும் கேக்கல. சும்மா சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு முன்னால உள்ள ஜெராக்ஸ் கடையில காலத்தேருந்தே மிஷின் ரிப்பேர், அடுத்த கடைக்கு பஸ் ஸ்டாண்டு வரை போவணும். எப்படியும் முக்கா மணிக்கூர் ஆவும். இப்பம் பத்தே கால். பதினோரு மணிக்கு தாணுமாலயன் சார் வருவாரு, எங்க ரூமுக்கு அவருதான் பெரிய ஆளு. கூட ஸ்டேஷன்ல இருந்து ஒரு போலீஸ்காரியும் வருவா. அதுக்கு முன்ன ஒன்கிட்ட தனியாட்டு பேசணும், அதுக்குத்தான் இந்தக் கள்ளம்.

நான் நர்ஸ் இல்ல. இந்தா, கழுத்துல அட்டை கெடக்கு பாரு. சத்தியபாய். அதுக்குக் கீழ இங்கிலீஷ்ல நீளமாட்டு ஒண்ணு போட்டிருக்கு, அத நான் இண்ணைக்கு வரை முழுசா சொன்னதில்ல. அடிபட்டு, வெட்டுப்பட்டு வாறவியளுக்கு தையல் போட்ட பெறகு கூட நிக்கதுதான் எங்க சோலி. தையல டாக்டர் போட்டுருவாரு. அதுக்குப் பெறகு அவிய எங்க போறாவ, யாரு கூடப் போறாவ, திரும்ப இதே கட்டிலுக்கு வாறாவளாண்ணு பாக்கதுக்குத்தான் நாங்க. ஆனா ஆஸ்பத்திரி முழுக்க எங்க ரூமுக்கு வெட்டுக்குத்து ரூம்ணுதான் பேரு. கேன்டீன்ல போயி நிண்ணா, வெட்டுக்குத்துக்கு ரெண்டு சாயாண்ணு நாலு பேரு கேக்க விளிச்சுச் சொல்லுவான்.

சரி. காஷுவாலிட்டியில ஒரு பெரிய புக்கு உண்டு. யாருக்கு எங்கன வச்சு எப்படி அடிபட்டுச்சுண்ணு அதுல எழுதுவாவ. ஒனக்கு என்ன எழுதியிருக்குண்ணு தெரியுமா? அஜிதா, வயசு இருபத்தாறு, தக்கலை. தேங்காய் விழுந்து தாடை ஒடிஞ்சது. மாமி சொல்லியிருக்காவ, நீ தலையாட்டியிருக்க.

நல்லாப் பேசுகாவ ஒனக்க மாமி. நேத்து ஒனக்கு ஆபரேஷன் நடக்கும்போ இந்தத் தேங்கா கதைய வாட்ச்மேன்கிட்ட சொன்னாவ, லிஃப்டுகாரன்கிட்ட சொன்னாவ, என்கிட்டயும் சொன்னாவ. காலத்த சொல்லும்போ சின்ன இளங்கருக்கு. மத்தியானம் அது முத்தின தேங்காயா ஆயாச்சு. சாயங்காலம் கேன்டீன்ல சொல்லும்போ கொலையோட விழுந்துட்டு. இன்னும் ஒரு நாளு இங்கன நிண்ணாவண்ணா தெங்கே சாஞ்சிரும்.

சிரிக்காண்டாம், கம்பி இழுக்கும்.

நான் தேங்காய்க்கு எதிராட்டு ஒண்ணும் சொல்லல, கேட்டியா. நம்ம ஊர்ல விழாமலா இருக்கு. தலையில விழும், தோள்ல விழும், போன மாசம் ஒரு சாருக்க ஸ்கூட்டர்ல விழுந்து அவரு கூட வந்திருந்தாரு. ஆனா எது விழுந்தாலும் மேல இருந்து நேரே கீழதான் வரும். சைடுல வந்து இடப்பக்கத் தாடையில இடிக்காது. எக்ஸ்ரேயப் பாத்த ஒடனே டாக்டர் சொன்னாரு, அடிச்சவன் வலங்கைக்காரன்ணு. தேங்காய்க்கு ஏது மக்களே வலங்கை இடங்கை.

பின்ன, மொட்டை மாடியில துணி எடுக்கப் போனியாம், பக்கத்து வீட்டுத் தெங்குல இருந்து விழுந்துச்சாம். எனக்க சித்தி மக ஒங்க தெருவுலதான் இருக்கா. போன் போட்டுக் கேட்டேன். அந்தத் தெங்கு ஓக்கிப் புயல்லயே மண்டை ஒடிஞ்சதாம். இத்தனை வருசமா வெறுந்தடியாட்டு நிக்குதாம், காக்கா இருக்கதுக்கு மட்டும் கொள்ளாம்ணா.

ஏன் முகத்தத் திருப்புக? வெக்கப்பட ஒண்ணும் இல்ல. மூணு வருசமா நான் இந்த வார்டுல நிக்கேன், கேக்காத கதை இல்ல. குழித்துறையில இருந்து ஒருத்தி வருவா, அவளுக்கு அடுக்களைக் கதவு வந்து இடிக்கும். நாலு தரம் வந்தா, நாலு தரமும் அதே கதவு. அந்தக் கதவக் கழட்டிப் போட்டா என்னம்மாண்ணு தாணுமாலயன் சார் கேட்டுட்டாரு. தரையில வழுக்கி விழுந்து வாறவியதான் கூடுதல். சனிக்கிழமை சாயங்காலம் ஆனா நம்ம ஜில்லாவுல தரை ரொம்ப வழுக்கும். டாஸ்மாக் அடைச்சிருக்க நாளு அவ்வளவு வழுக்காது, பாத்துக்கோ.

என்ன எழுதுக? இங்க காட்டு. பிள்ளையா?

பிள்ளை மண்டைக்காட்டுல ஒனக்க அம்மை வீட்டுல இருக்கா. நேத்தே ஒனக்க அப்பா வந்து கூட்டிட்டுப் போயாச்சு. ஒனக்க மாப்பிள ஸ்மைலின் விடமாட்டேன்ணு நிண்ணான், தாணுமாலயன் சார் போயி ரெண்டு வார்த்தை பேசினாரு, விட்டுட்டான். காலத்த நான் விளிச்சுக் கேட்டேன். ரெண்டு இட்லி தின்னாளாம், மூணாவதப் பூனைக்குப் போட்டுட்டாளாம். போனை அவகிட்டயே குடுத்தாவ. நான் ஒண்ணும் கேக்கல. அவளாட்டுச் சொன்னா, அப்பா அம்மைய இடிச்சாருண்ணு. நாலு வயசுப் பிள்ளைல்லா, தேங்கா கதைய அவளுக்கு யாரும் இன்னும் சொல்லிக் குடுக்கல.

அழு. அழதுக்குக் கம்பி ஒண்ணும் செய்யாது. துணியத் தா, நான் தொடைக்கேன். பைய, பைய. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு மக்களே, நான் சிரிச்சுப் பேசுகதுனால இல்லண்ணு நெனைக்காத.

ஸ்மைலின் கீழதான் நிக்கான். பேரு வச்சவியளக் குத்தம் சொல்ல முடியாது, பிறந்தப்பம் நல்லா சிரிச்சிருப்பான். கார் கொண்டு வந்திருக்கான். முன் சீட்டச் சாச்சுப் போட்டு, தலகாணி வச்சு, மாதுளை ஜூஸ் வாங்கி வச்சிருக்கான், ஸ்ட்ராவோட. மஸ்கட்டுக்குத் திரும்பிப் போக இன்னும் ஒன்றரை மாசம் லீவு இருக்காமே. என்கிட்ட ஆன்ட்டி ஆன்ட்டிண்ணு மரியாதையாத்தான் பேசுகான். அடிச்ச மறுநாளு எல்லாவனும் அப்படித்தான் இருப்பான். அந்த ஒரு நாளப் பாத்துட்டுத்தான் நீங்க எல்லாரும் திரும்பப் போறிய.

இல்ல, நான் ஒன்ன நிர்ப்பந்திக்கல. தாணுமாலயன் சாரு வந்து ஒன்கிட்ட ஒரு கேள்விதான் கேப்பாரு, எப்படி அடிபட்டுச்சுண்ணு. நீ தேங்காண்ணு எழுதினா, தேங்காதான். போலீஸ்காரி அத எடுத்துட்டுப் போயிருவா, டாக்டர் சாயங்காலம் டிஸ்சார்ஜ் எழுதிருவாரு, நீ அந்தச் சாச்ச சீட்டுல படுத்துட்டு வீட்டுக்குப் போலாம். ஒனக்க மாப்பிள பேர எழுதினா, ஆறு வாரம் கழிச்சு கம்பி எடுக்கது வரை நீ வேற எடத்துல இருக்கலாம். குழித்துறையில சிஸ்டர்மாருக்க ஹாஸ்டல் ஒண்ணு இருக்கு, பிள்ளையயும் கூட வச்சுக்கிடலாம். வக்கீல் ஒருத்தி வருவா, சண்முகவடிவுண்ணு பேரு, கொஞ்சம் வேகமாட்டு பேசுவா, ஆனா வெவரக்காரி. ஒவ்வொரு செக்கப்புக்கும் நான் கூட வருவேன். அதுக்குப் பெறகும் ஒரு வருசம் புதன்கிழமை புதன்கிழமை போன் போடுவேன். அதுதான் எங்ககிட்ட உள்ள தொல்லை, லேசுல விடமாட்டோம்.

எழுதினா எல்லாம் சரியாவும்ணு சொன்னா அது அடுத்த கள்ளம். போன வருசம் ஏழு பெண்ணுங்க பேர எழுதினாவ. அதுல மூணு பேரு திரும்பப் போயாச்சு. ஒருத்தி மறுபடியும் இங்கன வந்தா, ஒனக்கு அடுத்த கட்டில்லதான் கெடந்தா. அப்பமும் நாந்தான் கஞ்சி கோரிக் குடுத்தேன். ஏன் போனண்ணு ஒரு வார்த்தை கேக்கல. நாலு பேரு போவல, அதுல ஒருத்தி இப்பம் நாகர்கோவில்ல ஒரு லேபுல ரத்தம் எடுக்கா. நல்லா எடுப்பா, ஊசி குத்தினதே தெரியாது.

எழுதியாச்சா? காட்டு.

ஒங்க மாப்பிள ஒங்களையும் அடிச்சாராண்ணு கேக்கியா. இத எல்லாரும் கேப்பாவ. எங்க ரூமுக்கு அடிபட்டவியள்ள இருந்துதான் ஆள் எடுக்காவண்ணு நெனப்பு. அதும் சரிதான். ஆம்பிளைய வார்டுக்கு ஒரு ஐயப்பன் இருக்கான், வேலித் தகராறுல வெட்டுப்பட்டு ரெண்டு வெரல் போயாச்சு. வெட்டினவன வெட்டப் போறேன்ணு துள்ளிட்டுக் கெடக்கவன்கிட்ட போயி அந்தக் கையக் காட்டிட்டு உக்காந்திருப்பான். அவனும் மூணு மாசம் அப்படித் துள்ளினவன்தான்.

எனக்க மாப்பிள என்ன ஒரு அடி அடிச்சதில்ல. மரிச்சு ஒம்பது வருசம் ஆச்சு. ஏட்டி, வாடிண்ணு விளிக்கதுக்கே சங்கடப்படுவாரு. நான் ஐயப்பன் வந்த வழியில வரல மக்களே.

எனக்க மகன் டெனிஷ். டெம்போ ஓட்டினான். அவனுக்குக் கெட்டினது சுபிதாண்ணு ஒரு பிள்ளை, ஒனக்க வயசுதான் இருப்பா. மொதல் தரம் கை ஒடிஞ்சு அவள இங்க கொண்டு வந்தது நாந்தான். காஷுவாலிட்டியில டாக்டர் கேட்டாரு. கிணத்தடியில பாசி டாக்டர், வழுக்கி விழுந்துட்டாண்ணு நான் சொன்னேன். அவரு என்னப் பாக்கல. அவளப் பாத்து, நீ சொல்லும்மாண்ணு கேட்டாரு. அவ என்னப் பாத்தா. நான் அவளுக்க நெத்தியில கெடந்த முடிய ஒதுக்கி விட்டேன். அவ்வளவுதான் செய்தேன். ஆமாண்ணு தலையாட்டிட்டா. ரெண்டு நாளு இந்த வார்டுல அவ கெடந்தா, நான் ஒரு நிமிஷம் விட்டு மாறல. எங்க நான் அங்க இங்க போன நேரத்துல யாராவது அவகிட்ட கேட்டுருவாவளோண்ணு பயம். மூத்திரத்த அடக்கிட்டு நிண்ணேன். பாக்கவிய எல்லாரும் சொன்னாவ, மாமியாருண்ணா இப்படி இருக்கணும்ணு.

மூணு மாசம் கழிச்சுத் திரும்பக் கொண்டு வந்தேன். அந்தத் தரம் நான் பாசிண்ணு சொல்லல. உள்ளத உள்ளபடி சொன்னேன், அவன் எந்தக் கையால அடிச்சாண்ணு கூடச் சொன்னேன். டாக்டர் கேட்டாரு, போலீஸ் கேட்டுச்சு, பெறகு கோர்ட்டுல கூண்டுல ஏறி எனக்க மகன் மூஞ்சியப் பாத்துச் சொன்னேன், ஜட்ஜும் கேட்டாரு. கேக்க வேண்டியவளுக்குத்தான் போதம் இல்லாமப் போச்சு. இங்க சேத்த நாலாம் நாளு அவளப் பெட்டியில வச்சு வீட்டுக்குக் கொண்டு போனோம். அவன் பாளையங்கோட்டை ஜெயில்ல கெடக்கான். எனக்கு வீட்டுல இருந்தா மூச்சு முட்டும், இங்கன வெளிய பெஞ்சுல வந்து இருப்பேன், ஆளில்லாதவியளுக்குக் கஞ்சி வாங்கிக் குடுப்பேன். கொஞ்ச நாளு பாத்துட்டு தாணுமாலயன் சார் இந்த அட்டையத் தந்தாரு.

அதனால நீ எனக்காவ ஒண்ணும் எழுதாண்டாம். ஒனக்கு எது உள்ளதோ அத எழுது.

லிஃப்டு வருகு. சாரு சத்தம்தான். கூட ஒனக்க மாமியும் வாறாவ, கையில ஜெராக்ஸ் இருக்கு, கடுத்துப் போயிருக்காவ. நான் போயி அவியள வெளிய பெஞ்சுல பிடிச்சு இருத்துகேன், நீ எழுதி முடிக்கது வரை உள்ள விடமாட்டேன். அவியகிட்டப் பேசதுக்கு இந்த ஆஸ்பத்திரியில என்ன விட்டா வேற ஆளு கிடையாது மக்களே. அவிய அடுத்து என்ன சொல்லுவாவண்ணு எனக்குத் தெரியும்.