கதை இல்லாத கடிதம்

டென்மார்க்கில், ரண்டர்ஸிலிருந்து சில்க்போர்க் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் வேலை உடுப்போடு இரண்டு தமிழர்கள். இளையவர், தாடிக்காரர், உட்கார்ந்ததுமே சொன்னார்:

“பிரெஞ்சுக்காரராலதான் அண்ணை என்ர மனுசிக்கு விசா வந்தது.”

“பிரான்ஸ் எம்பசியோ?”

“இல்லை, பிரெஞ்சு நாவல். டேனிஷ் படிக்க லைப்ரரியில எடுத்தனான். உலக யுத்தம் முடிஞ்சாப் பிறகு அங்க ஒரு கூட்டம் புதுசா எழுத வெளிக்கிட்டதாம். கதை இல்லை, அழுகை இல்லை. கதவு, மேசை, யன்னல், கண் கண்டது மட்டும். எனக்கு நல்லா விளங்கிச்சுது.”

“அதுக்கும் விசாவுக்கும் என்ன?”

“விசாக் கந்தோருக்கு முதல் மூண்டு கடிதமும், ஊரில அரசாங்கக் கச்சேரிக்குப் பெட்டிசம் எழுதுற மாதிரி, ‘பெருங்கருணை கொண்டு’ எண்டு எழுதினன். பதிலே இல்லை. நாலாவதை அந்தப் பிரெஞ்சுக்காரர் மாதிரி எழுதினன். அறையில ரெண்டு கட்டில். ஒண்டின்ர விரிப்பு ரெண்டு வருசமாக் கசங்கேல்லை. கொக்கியில மகளுக்கு வாங்கின மழைக்கோட்டு. அளவு நாலு வயசு. மகளுக்கு இப்ப ஆறு.”

அண்ணை அவர் பக்கம் திரும்பினார்.

“விசா நிப்பாட்டி வைச்சிருந்த எல்லாருக்கும்தானே இப்ப வருதாம்.”

“எனக்குத்தான் முதல் வந்தது!”

“சரி, அந்த நாவலில கடைசிவரைக்கும் ஒண்டுமே நடக்காதோ?”

“அதில நடக்காது. என்ர வீட்டில சனிக்கிழமை நடக்குது, அண்ணை! தாயும் மகளும் வந்து இறங்குகினம்!”

அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அண்ணை டிரைவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, டேனிஷில் சொன்னார்:

“இவன்ர மனுசி வாறா!”