வேலியோரத்துப் பன்னிரண்டு செடிகள்

— கூடையைக் கீழ வைங்க டிர்க் அண்ணே. இந்தக் காகிதத்தைப் பாருங்க.

— கண்ணாடி உள்ள கிடக்கு, நீயே வாசி நெல்டா. நல்ல சேதின்னா வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தியிருப்பியே, சுத்திக்கிட்டா வந்திருப்பே?

— போன மாசம் உங்களைக் கேட்டுட்டு இலை கிள்ளிட்டுப் போனேன்ல? ஆய்வுக்கூடத்துல பாத்துட்டாங்க. குட்டை நோயாம். உங்க புளூபெரி பன்னிரண்டுலயும்.

— ஜூலை முடியறதுக்குள்ள இலை சிவந்தப்பவே சந்தேகம் வந்துச்சு. இந்த வருசம் மிச்சிகன் வெயில் அப்படின்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன்.

— பழம் எப்படி?

— மிளகு மிளகா நிக்குது. ஒரே கசப்பு. சக்கரை தூவி வில்மாவுக்கு ஊட்டினேன். என் பொஞ்சாதிக்கு இப்ப முகம் சுளிக்கக்கூடப் பாதி முகம்தான் இருக்கு.

— அண்ணே, இதுக்கு வைத்தியம் கிடையாது. மருந்தடிச்சுப் பூச்சியைக் கொன்னுட்டு, வேரோட பிடுங்கி எரிக்கணும்.

— நான் பாக்காத வைத்தியமா? பிப்ரவரியில முழங்கால் பனியில நின்னு கவாத்து பண்ணினேன். பனி உருகினதும் கந்தகம் தூவினேன். மே மாசம் உறைபனியில பூ கருகிடக் கூடாதுன்னு கட்டில்ல கிடந்த போர்வையை எல்லாம் உருவிக் கொண்டாந்து போத்தினேன். காய் நீலம் பாய்ஞ்சதும் குருவிக்கு வலை. நவம்பர்ல பைன் சருகு, இந்தப் பாழாப்போன இடுப்போட! எதை விட்டேன், சொல்லு தாயி?

— எதையும் விடலண்ணே. உங்க மேல என்ன குத்தம்? நோயைச் சுமந்துக்கிட்டு வர்ற தத்துப்பூச்சி ஒண்ணு உக்காந்து எந்திரிச்சாப் போதும்.

— பக்கவாதம் வந்ததுலேருந்து அவளுக்குச் சன்னல்தான் உலகம். குளிர்காலத்துல இலையே இருக்காது, வெறும் சிவப்புக் குச்சி. அதைப் பனிக்கு மேல பாத்துக்கிட்டே கிடப்பா. இந்த ஒரு குளிர்காலம் விட்டுரு. அப்புறம் நானே பிடுங்கறேன்.

— விட முடியாதுண்ணே. உங்களுக்குப் பன்னிரண்டு செடி. எங்களுக்கு இருபது ஏக்கர், வேற பொழப்பு தெரியாது.

— சின்னப்புள்ளையா இருந்தப்ப இதே செடியில திருடித் தின்னவதானே நீ?

— நீல வாயைக் கழுவிவிட்டு வீட்டுக்கு அனுப்பினதே வில்மா அக்காதான். அவங்க சன்னலுக்கு எதிர நின்னு இதைச் சொல்ல எனக்கு மட்டும் ஆசையா? என் கையில எதுவும் இல்லண்ணே. எங்க வயல்லயே மூணு செடி சிவந்திருக்கு.

— எங்க? வேலியோரமா?

— அப்படின்னாப் புரிஞ்சிருக்கும். ஓடைக்கு அந்தாண்ட, இங்கேருந்து அவ்வளவு தூரத்துல. எங்க வீட்டுக்காரர் மார்வ் நாலு வருசம் முன்னாடி புதுசா வெச்சாரே, அந்த வயல்ல.

— புது வயல்லயா?

— ஏன் உக்காந்துட்டீங்க? தலை சுத்துதா? தண்ணி கொண்டாரவா?

— தண்ணி வேணாம். அந்தக் கன்னெல்லாம் எங்க வாங்கினதுன்னு சொன்னான் உன் வீட்டுக்காரன்?

— நர்சரியில. நோயில்லைன்னு சான்றிதழ் இருந்தாத்தான் நட விடுவேன்னு நானே சொல்லி அனுப்பினேன். ஏன் கேக்கறீங்க?

— அவன் கேட்ட வகை நர்சரியில இல்லேன்னுட்டாங்களாம். உங்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு இங்க வந்தான். நானும் வாயை மூடிக்கிட்டேன். ரெண்டு மார்ச்சு மாசம், நாங்க ரெண்டு பேருமா உக்காந்து இந்தச் செடிங்கள்லேருந்தே நடறதுக்குக் குச்சி வெட்டிக் கட்டினோம் நெல்டா. அந்த வயல் முழுக்க நிக்கறது இதோட பிள்ளைங்கதான்.