மலக்கி அடிகளாரின் கூண்டுக்கு முன்னால் நின்ற வரிசை

மேடையில் வீற்றிருக்கும் ஆயரின் பிரதிநிதி அருட்தந்தை ஃபெர்கஸ் லினான் அவர்களே, நம் இன்றைய பங்குத்தந்தை அவர்களே, மறைந்த பெருமகனாரின் தங்கை எனா கான்சிடைன் அவர்களே, முப்பதாம் நாள் பூசை முடிந்து தேநீர்க் கோப்பையோடு இந்தக் கூடத்தை நிறைத்திருக்கும் பாலிகெரின் பங்கு மக்களே, பக்கத்துப் பங்குகளிலிருந்து பேருந்து பிடித்து வந்திருப்பவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். டிம்ப்னா ஹெஹிர். உங்களில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். இந்தக் கோயிலில் நாற்பது ஆண்டுகளாக ஆர்கன் வாசிப்பவள். அருட்தந்தை மலக்கி கான்சிடைன் இங்கே உதவிப் பங்குத்தந்தையாக இருந்த காலம் முழுவதும் அவரோடு வேலை பார்த்தவள். அதனால்தான் என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைப் புனிதர் என்றார்கள், ஏழைகளின் தோழர் என்றார்கள், நீங்களும் கைக்குட்டையை எடுத்தீர்கள். அழுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மலக்கி அடிகளார் இந்த ஊரைவிட்டுப் போன அன்று பேருந்து நிறுத்தத்தில் நம்மில் எத்தனை பேர் நின்றோம்?

அவருக்கு இடது காது கேட்காது. இது ஊரறிந்த விஷயம். நம் கோயிலில் பாவசங்கீர்த்தனக் கூண்டுகள் இரண்டு. வலப்பக்கம் பங்குத்தந்தை டப்ரிடி, இடப்பக்கம் மலக்கி அடிகளார். சனிக்கிழமை மாலையில் அவருடைய கூண்டுக்குள் போனால் கொஞ்சம் உரக்கத்தான் பாவத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் ஆர்கன் இருக்கும் மாடத்துக்குப் படியேறி என்னிடம் வந்தார்.

"டீச்சர், சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி பண்ண முடியுமா?"

"எதுக்கு ஃபாதர்? ஞாயித்துக்கிழமைப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்."

"உங்களுக்குப் பயிற்சி வேணாம், எனக்குத்தான் சத்தம் வேணும். இந்தச் செவிட்டுப் பயகிட்ட ஜனங்க கத்துறாங்க. வெளிய நிக்கிறவங்க காதுல விழுந்துடக் கூடாது பாருங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசித்தேன். மெதுவாக வாசிக்க வேண்டிய துக்கப் பாட்டைக்கூட இடி மாதிரி வாசித்தேன். உங்கள் பாவங்களை மறைத்தது என் ஆர்கன்தான் ஐயா!

அறுபத்தெட்டாம் ஆண்டுக் கோடையில் ரோமிலிருந்து சுற்றுமடல் வந்தது. கருத்தடை மாத்திரை கூடாது என்றார் திருத்தந்தை. கருத்தடை என்று சொன்னால் இந்த நாட்டில் மருந்துக் கடையிலேயே மாத்திரை கிடைக்காத காலம் அது. மாதவிலக்கைச் சீராக்க என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பார். அயர்லாந்து முழுவதிலும் மாதவிலக்கு இவ்வளவு தாறுமாறாக இருந்த ஊர் பாலிகெரினாகத்தான் இருக்க வேண்டும்! சிரிக்கிறீர்கள். அன்று யாருக்குச் சிரிப்பு வந்தது?

இரண்டு சாமியார்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், காலை முட்டையை உடைக்கும்போதே சண்டையை ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட விஷயமாகப் போன ஒரு காலையில் என் காதாலேயே கேட்டேன்.

"மனசாட்சி, மனசாட்சிங்கிறியே மலக்கி, பாதி நேரம் ஜனங்களோட வசதிக்குப் பேருதான் மனசாட்சி" என்றார் பங்குத்தந்தை டப்ரிடி.

"மீதிப் பாதி நேரம் என்ன சாமி?"

"மீதி நேரம் சோம்பேறித்தனம்! ரெண்டாயிரம் வருஷத்துத் திருச்சபையவிட ஒரு கசாப்புக் கடைக்காரன் பொண்டாட்டிக்கு அதிகமாத் தெரியுமா?"

"அவ உடம்பப் பத்தி அவளுக்குக் கொஞ்சம் தெரிஞ்சிருக்கும் சாமி. அந்த உப்ப இப்படித் தள்ளுங்க."

பங்குத்தந்தை டப்ரிடியைக் கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் நம்பியதைத்தான் பேசினார். திருச்சபை சொன்ன பிறகு கேள்வி கேட்டால் நாளைக்கு எதுதான் மிஞ்சும் என்று உண்மையாகவே பயந்தார். வலப்பக்கக் கூண்டில் அவர் காத்துக் கிடந்தார். அவருக்கு முன்னால் இரண்டு மூன்று கிழவிகள். இடப்பக்கமோ? பீடத்தடியில் தொடங்கி, சிலுவைப் பாதைப் படங்களையெல்லாம் தாண்டி, கதவுக்கு வெளியே மழையில் போய் முடியும் வரிசை! வேறு பங்குகளிலிருந்து பேருந்தில் வந்து இறங்கினீர்கள். மேலே ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு தலையும் தெரிந்தது. வாசித்து முடித்து நானும் இறங்கி அதே வரிசையில் நின்றேன்.

நாம் சாமர்த்தியசாலிகள் என்று நினைத்துக்கொண்டோம். யாரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நிற்பவர் எதற்காக நிற்கிறார் என்று தெரிந்தும் தெரியாதவர்போல ஜெபமாலையை உருட்டினோம். ஆனால் ஒரு கூண்டின் முன்னால் ஊரே நின்று, மறு கூண்டு காலியாகக் கிடந்தால், ஆயருக்கு எட்ட எவ்வளவு நாளாகும்? அவரைக் காட்டிக் கொடுத்தது வேறு எதுவுமில்லை, நம் வரிசைதான்.

புகார் போனது. மலக்கி அடிகளார் கூண்டுக்குள் இருந்துகொண்டு திருத்தந்தை சொன்னது தவறு என்கிறார், கேட்டவர்களுக்கெல்லாம் அனுமதி வாரி வழங்குகிறார் என்று புகார். விசாரிக்க ஆயர் ஆள் அனுப்பினார். சாமியார் வீட்டு முன்னறையில் விசாரணை.

"சொன்னீங்களா, இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"கூண்டுல நடந்ததுக்கு நான் ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியும்."

தெரியும்தானே! பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிரே போனாலும் வெளியில் சொல்லக் கூடாது. தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகக்கூடச் சொல்லக் கூடாது. ஆனால் சொன்னவர்களுக்கு அந்தப் பூட்டு உண்டா? இல்லை! நாம் சொல்லலாம். அவர் என்னிடம் இதைத்தான் சொன்னார் என்று நம்மில் எவரும் போய்ச் சொல்லியிருக்கலாம். அவரைக் காப்பாற்ற இந்த உலகத்தில் நம்மால் மட்டும்தான் முடியும். பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்று பூசையில் அறிவிப்பும் செய்தார்கள். அந்த முன்னறையின் வாசல் கடைத்தெருவைப் பார்த்தது. உள்ளே போகிறவரை ஊரே பார்க்கும். போனால் எதற்காகப் போனார் என்று ஊருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மாத்திரை இருக்கிறது என்று தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். எனக்கு வேலை பங்குப் பள்ளிக்கூடத்தில். உங்களுக்குக் கடை, மாமியார், கல்யாணத்துக்கு நின்ற பெண். ஆளுக்கொரு காரணம் இருந்தது. நல்ல காரணங்கள்தான்.

யாரும் போகவில்லை. தப்பு, ஒருவர் போனார். பங்குத்தந்தை டப்ரிடி!

அவர் விசாரணை அதிகாரியிடம் சொன்னதை, தேநீர் கொண்டுபோன சமையல்கார ஜோசி கேட்டிருக்கிறாள். "அவன் சொல்றது தப்பு. நாலு வருஷமா சாப்பாட்டு மேசையில அதத்தான் நான் அவன்கிட்ட சொல்லிட்டு வரேன். ஆனா அவன் பொய்யன் இல்ல. ஜனங்களக் கெடுக்கிறவனும் இல்ல. அவன அனுப்பாதீங்க." கூண்டுக்குள் என்ன நடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? "அவர் கூண்டுல சொன்னத நீங்க கேட்டீங்களா?" என்று அதிகாரி கேட்டதும் எழுந்து வந்துவிட்டார். அடிகளாரோடு ஒத்துப்போன நாம் அத்தனை பேரும் வீட்டில் இருந்தோம். ஒருநாளும் ஒத்துப்போகாத மனிதர் போய் நின்றார். இதைவிட வெட்கம் வேறென்ன வேண்டும்?

பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மறைமாவட்டத்தின் கடைக்கோடியில் முதியோர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அதிகாரம் பறிக்கப்பட்ட சாமியாரும் சாகக் கிடப்பவருக்குப் பாவமன்னிப்பு கொடுக்கலாம் என்பது சட்டம். ஆகவே அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் சாகிறவர்களுக்கு மட்டுமே பாவமன்னிப்பு கொடுத்தார். கேட்கும் அந்த ஒற்றைக் காதை அவர்கள் வாயருகே வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருப்பாராம். அங்கிருந்த கன்னியாஸ்திரிகள் சொன்னார்கள்.

ஒருமுறை அவரைப் பார்க்கப் போனேன். மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துப் போயிருந்தார், ஆனால் பேச்சு மட்டும் மாறவில்லை. அழுதேன். "எங்கள மன்னிச்சிடுங்க ஃபாதர்" என்றேன்.

"எனக்கு அந்த அதிகாரம் இல்லையே டீச்சர். நீங்க சாகப் போறீங்களா?"

"இல்ல ஃபாதர்."

"அப்ப வேற சாமியாரப் பாருங்க." சிரித்துவிட்டு, நான் கொண்டுபோன கேக்கை என் பக்கம் நகர்த்தினார். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

பெரியோர்களே! அவர் பணியைத் தொடர்வோம் என்று இரங்கல் கூட்டத்தில் உறுதி எடுப்பது வழக்கம். எந்தப் பணியை? மனசாட்சியோடு நில் என்று சொல்லிக் கொடுத்தவரின் பணியை, மனசாட்சியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்த நாமா தொடர்வது? தொடரலாம். அதற்கு முன்னால் பாக்கியிருக்கும் ஒரு வேலையை முடித்தாக வேண்டும். அருட்தந்தை லினான் அவர்களே, தயவுசெய்து கேளுங்கள். அன்று முன்னறையில் சொல்லியிருக்க வேண்டியதை இன்று இந்த மேடையில் சொல்கிறேன்.

எனக்கு ஐந்து பிள்ளைகள். ஆறாவது வந்தால் நீ பிழைக்க மாட்டாய் என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்தார். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அருட்தந்தை மலக்கி கான்சிடைனின் கூண்டுக்குள் போனேன். திருத்தந்தை தவறு என்று அவர் சொல்லவில்லை. எடுத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான்: "உங்களுக்குப் பதிலா நான் முடிவெடுக்க மாட்டேன் டீச்சர். திருச்சபை சொல்றத முழுசாப் படிங்க. டாக்டர் சொல்றதக் கேளுங்க. வீட்டுக்காரர்கிட்ட பேசுங்க. ஜெபம் பண்ணுங்க. அப்புறம் உங்க மனசாட்சி எதச் சொல்லுதோ அதச் செய்ங்க, செஞ்சிட்டு நற்கருணை எடுக்க வாங்க. ஆனா ஒண்ணு. கடவுள்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும். என் அங்கிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்க முடியாது."

படித்தேன், கேட்டேன், பேசினேன், ஜெபித்தேன். மாத்திரையை எடுத்துக்கொண்டேன். என் ஐந்து பிள்ளைகளும் தாயோடு வளர்ந்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பிறகு அவர் அங்கிக்குப் பின்னாலேயே போய் ஒளிந்துகொண்டேனே, அதில்தான் வருத்தம். இது என் சாட்சியம். அப்படியே ஆயரிடம் சொல்லுங்கள். அவர் பெயரில் இருக்கும் அந்தப் பழியை நீக்கும்வரை மறுபடியும் மறுபடியும் சொல்வேன்.

நான் இறங்குகிறேன். ஒலிபெருக்கி அணைக்கப்படாது. அந்த வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் மேலே வரலாம்.