வாசற்படியில் ஒரு சோடி செருப்பு

ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. கூவல் நின்றால் விழப்போகிறது. நிற்கிறது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்தியது என் கணவர் இராசன். வேலிக்கு அப்பால் வெடிக்கிறது. மண் முதுகில் கொட்டுகிறது. எழும்பி ஓடுகிறோம். புத்தூர். 1987 ஐப்பசி. மழை விட்ட காலை. எங்களுக்குப் பின்னால் சிவசம்பு முதலாளி ஓடி வருகிறார். அவரைப் பிடிக்கத்தான் ஆமி வருகிறது.

முதலாளி புகையிலை வியாபாரி. இரண்டு லொறி, தெற்கே பெரிய கடை. 1983 கலவரத்தில் கடையை எரித்தார்கள். கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது, உடுத்த சாரமும் காலில் தோல் செருப்பும்தான் மிச்சம். ஊரில் இருந்த காணியை விற்று ஆயுத இயக்கம் தொடங்கினார். ஊர்ப் பொடியள் பின்னால் போனார்கள். சாமி இல்லை, சாதி இல்லை என்று கூட்டத்தில் பேசினார்.

நானும் இராசனும் ஊரில் அவருக்கு மிஞ்சியிருந்த சரக்குக் கிட்டங்கியில் புகையிலைச் சிப்பம் கட்டுகிறவர்கள்.

"இனி முதலாளி எண்டு கூப்பிடாதை பிள்ளை. தோழர் எண்டு சொல்லு" என்றார் ஒருநாள்.

"ஓம், தோழர் முதலாளி."

வயிறு குலுங்கச் சிரித்தார். "உன்னைத் திருத்த இன்னொரு இயக்கம் தொடங்கவேணும்."

நாங்கள் ஓடிய பதுங்குகுழி கிட்டங்கிக்குள், சிப்பங்களுக்குப் பின்னால். நாங்கள் இருவரும் வெறுங்காலோடு பாய்ந்தோம். அவரும் வந்து விழுந்தார். ஷெல் ஓய்கிறது. ஆமிச் சப்பாத்துச் சத்தம் தொடங்குகிறது.

சிப்ப இடுக்கால் பார்க்கிறேன். வாசற்படியில் அவருடைய தோல் செருப்பு. சோடி சேர்த்து, ஒழுங்காக. இலட்சுமி இருக்கிற இடம் என்று வியாபாரிகள் செருப்போடு கடைக்குள் ஏறுவதில்லை. சாமி இல்லை என்றவரின் கால் அதை மறக்கவில்லை. ஷெல்லுக்குள்ளும் நின்று கழற்றியிருக்கிறார்.

அவரும் கண்டுவிட்டார்.

"பழக்கம், பிள்ளை."

எடுக்க நேரமில்லை.

"வெளியே வா! சுடுவேன்!" செருப்பைக் கண்ட ஆமிக்காரன் கத்தினான்.

இராசன் எழும்பினார். சாரத்தைப் பிடித்தேன். துணி கையை விட்டு வழுகியது. கைகளை உயர்த்திக்கொண்டு போனார்.

"என்ரை செருப்பு ஐயா. நான் தனிய."

போடு என்று ஒருவன் துவக்கால் காட்டினான். சின்ன வயதிலிருந்து தோட்டத்தில் வெறுங்காலோடு திரிந்த, அகன்ற கால். நுழையவில்லை. குனிந்து தள்ளுகிறார். தள்ளிக்கொண்டே இருக்கிறார். நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். துவக்குப்பிடி முதுகில் விழுந்த சத்தம். பிறகும் ஒன்று.

முதலாளி எழும்பிப் போனார்.

"அவனை விடுங்கோ. அது என்ரை."

இருவரையும் கொண்டுபோனார்கள். வெறுங்காலோடு. ஆமி முகாம் முகாமாக ஏறி இறங்கினேன். கேட்ட இடத்தில் எல்லாம், அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள்.

செருப்பை எட்டு வருடம் வைத்திருந்தேன். 1995. திரும்பவும் சண்டை; முழுச் சனமும் ஊரை விட்டுத் தென்மராட்சிக்கு நடக்கிறது. மழை. பாலத்தில் நெரிசல். பையின் காது அறுந்து செருப்பு விழுந்தது. குனிய முடியவில்லை. பின்னால் சனம் தள்ளியது.

போனவை. கிட்டங்கி. வீடு. சிவசம்பு முதலாளி. என் கணவர் இராசன். அவர் காலுக்குப் போதாத ஒரு சோடி செருப்பு.