வெள்ளறடை பஸ்ஸில் வந்த கவர்

சாயா வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார். குடித்தால் எனக்குப் படபடப்பு வரும், இன்றைக்கு அது ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது.

என் பெயர் ராபின்சன். பாறசாலையில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். குழந்தைகளுக்கு மருந்து எவ்வளவு என்று கணக்குப் போட்டுத்தரும் ஒரு இலவச புரோகிராம் உண்டு. அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். சின்ன ஆஸ்பத்திரி நர்சுகளுக்காக அதற்கு ஒரு கையேடு எழுதினோம். ஏழு பேர், எல்லாரும் சம்பளமில்லாமல் உழைத்தவர்கள். பக்கங்களைச் சேர்த்து அச்சுக்குக் கொடுப்பது என் பொறுப்பு. போன வருஷம், தொண்ணூற்றெட்டில், எங்களில் பாதிப் பேருக்கு இமெயில் கிடையாது. எழுதியதைக் கவரில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். நான் ஜங்ஷனில் நின்று வாங்கிக்கொள்வேன்.

விமலகுமாரி வெள்ளறடையில் மருந்துக்கடை நடத்துகிறவள். நல்ல மூளைக்காரி. ஒரு கூட்டத்தில் என் பக்கங்களைத் தூக்கிப் பிடித்து, "அண்ணன் எழுதினதப் படிச்சா நர்சுக்கே கிறுக்கு பிடிச்சிரும், கேட்டியளா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அச்சுக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது அவளுடைய கவர் வந்தது. "அவசரமாக்கும். இன்னைக்கே பாக்கணும்னு அக்கா சொல்லிச்சு" என்று கண்டக்டர் ஜெயதாஸ் கையில் தந்தான். அவள் எழுதிய ஒரு பக்கத்துக்குத் திருத்தம். ஒரு நாளைக்கான மொத்த மருந்தளவைக் கம்ப்யூட்டரில் அடிக்கும்படி முன்பு எழுதியிருந்தாள். புரோகிராமின் புதிய பதிப்போ அதை ஒரே வேளைக்கு என்று எடுத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதியவர் பெயர் போடுவது எங்கள் வழக்கம். பழைய பக்கமே போகட்டும் என்று விட்டேன். யாராவது ஒரு டாக்டர் தப்பைப் பார்த்து அவளைக் கேட்பார், அவளும் ஒரு தடவை தலைகுனிவாள். என் ஆசை அவ்வளவுதான்.

கள்ளிக்காட்டு ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரும் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. நர்சு புத்தகத்தில் இருந்தபடி அடித்தாள். மூன்று வேளை மருந்து ஒரே வேளையில் போயிற்று. அந்தக் குழந்தை நந்தனாவுக்கு நான்கு வயது.

உங்கள் ஆட்கள் விமலகுமாரியைப் பிடித்து விசாரித்தபோது, "நான் திருத்தம் குடுத்துவிட்டேன், அண்ணன்கிட்ட கேளுங்க" என்று அழுதாளாம். என்னிடம் கேட்டார்கள். எந்தக் கவரும் வரவில்லை என்றேன். அன்றிலிருந்து பயம்தான் சார். வெள்ளறடை பஸ்ஸின் ஹார்ன் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவேன். ஜெயதாஸ் என்னைப் பார்த்தாலும் பயம், பார்க்காமல் போனாலும் பயம். மூன்று வாரம் ஜங்ஷன் பக்கமே போகவில்லை. அவன் உங்களிடம் சொல்லிவிட்டது ஒரு வகையில் நல்லதுதான்.

கவரை எரித்தது நான். குழந்தை செத்ததும் என்னால்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை.

மற்ற ஆஸ்பத்திரிகளா? பதினொரு இடத்துக்குப் புத்தகம் போயிருக்கிறது. இல்லை, இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தப்பு எனக்கு முன்பே தெரியும் என்று ஆகியிருக்குமே சார்.