ரெண்டாவது ரிவியூவர்

— அந்த ரெண்டாவது ரிவியூவர் மட்டும் என் கையில கெடச்சான், முல்லையாத்துல கொண்டுபோய் முக்கிருவேன்.

— பொண்ணு பாக்க வந்த எடத்துல, தனியாப் பேசுங்கன்னு மாடிக்கு அனுப்புனா, இதத்தேன் பேசுவீகளா?

— என்ன ஆராய்ச்சி பண்றீகன்னு நீங்கதான கேட்டீக.

— கேட்டது ஆராய்ச்சிய. வந்தது கொலவெறி. சரி, சொல்லுங்க. கீழ எங்கப்பா திராட்சை வெலையப் பத்தி ஆரம்பிச்சிருப்பாரு. இப்போதைக்கு முடியாது.

— நானும் திராட்சைதாங்க. திராட்சையில மாவுப்பூச்சி. ராயப்பன்பட்டியிலருந்து சுருளிப்பட்டி வரைக்கும் தோட்டம் தோட்டமாக் கணக்கெடுத்து, அதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்னு ஒரு கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புனேன். அது வந்தாத்தான் காலேஜ்ல ப்ரமோஷன். அவுக என்ன பண்ணுவாகன்னா, எழுதுனவன் பேர மறைச்சு, வெவரம் தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட படிக்கக் குடுப்பாக. மொத ஆளு, நல்லாருக்கு போடலாம்னு ரெண்டே வரி. தங்கமான மனுசன்.

— ரெண்டாவது ஆளு?

— மூணு பக்கம்! ‘இவர் தோட்டத்துக்குள் கால் வைத்ததாகத் தெரியவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கிறது.’ எப்படி எழுதியிருக்கான் பாத்தீகளா?

— கால் வச்சீகளா?

— எங்கிட்ட படிக்கிற பசங்கள அனுப்புனேன். பைக்குல இருந்து விழுந்து, அந்தச் சீசன் பூரா எனக்குக் கால்ல கட்டு. அது அவனுக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியிலயா கெடந்தான்?

— ம்.

— இன்னொண்ணு கேளுங்க. ‘படத்தில் பாகங்களைக் குறிக்கவில்லை. அரை மதிப்பெண்கூடத் தர இயலாது.’ மதிப்பெண்ணாம்! ஆராய்ச்சிக் கட்டுரைக்கு எவனாச்சும் மார்க்குப் போடுவானா?

— ‘முடிவுரையில் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வதைத் தவிர்க்கவும்.’

— அதேதான். அத எப்ப உங்ககிட்ட சொன்னேன்?

— சொல்லல.

— பெறகு எப்படி?

— எனக்கு என்ன வேலைன்னு எங்கப்பா சொன்னாரா?

— தேனியில கம்ப்யூட்டர் வேலைன்னாரு.

— கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்து எது செஞ்சாலும் அவருக்கு அது கம்ப்யூட்டர் வேலைதேன். வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்கு இங்கன இருந்து வேல பாக்குற கம்பெனி. வர்ற கட்டுரைக்கு ரிவியூவரத் தேடி அனுப்பி, அவுக எழுதுறத வாங்கி எடிட்டர்கிட்ட சேக்கணும். ஒங்க மாவுப்பூச்சி என் மேசை வழியாத்தேன் ஊர்ந்து போச்சு.

— ஆத்தாடி! அப்ப அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியும். எங்க டிபார்ட்மெண்ட் வைகுண்டராஜ்தான? அதே ப்ரமோஷனுக்கு அவரும் நிக்கிறாரு.

— சொல்லக்கூடாது. சொன்னா என் வேல போயிரும்.

— மொத எழுத்து மட்டும் சொல்லுங்க, யுவராணி.

— கட்டுரைய அனுப்பும்போது ஒரு கட்டம் வந்துச்சே. ரிவியூவரா யாரப் போடலாம்னு நீங்களே சொல்லலாம்னு. அதுல யாரச் சொன்னீக?

— அது... யாரோ... ஞாபகமில்ல.

— டாக்டர் எம். கஸ்தூரி.

— காத்து ரொம்ப அடிக்குதே இங்கன. கீழ போவமா?

— ஒக்காருங்க. ஒங்கம்மாவுக்கு என்ன பேரு சொன்னீக கீழ?

— கஸ்தூரியம்மாள். பயாலஜி டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனாக.

— அப்பா பேரு?

— மொக்கைச்சாமி.

— எம். கஸ்தூரி.

— நம்ம பக்கம் கஸ்தூரிக்கா பஞ்சம்?

— விஜய்பாண்டி சார்.

— சரிங்க. அம்மா போன்ல ஒரு மெயில் ஐடி ஆரம்பிச்சு, அவுகள டாக்டராக்கி, அந்தக் கட்டத்துல போட்டேன். ஊரு ஒலகத்துல பண்ணாததா?

— பண்றாக. நாங்களும் பிடிச்சிக்கிட்டேதேன் இருக்கோம். பொண்டாட்டி பேருல வரும். மச்சினன் பேருல வரும். செத்துப்போன வாத்தியாரு பேருலயே வந்திருக்கு. எல்லாத்துலயும் ‘அற்புதம், அப்படியே போடலாம்’தேன். ஆனா, பொய்யா ஒரு ரிவியூவர உண்டாக்கி, அந்தப் பேருல தன்னையே மூணு பக்கம் கிழிச்சு, ‘நிராகரிக்கவும்’னு எழுதுன மனுசன இப்பத்தேன் பாக்கேன். எதுக்கு அப்படிப் பண்ணுனீக?

— இருங்க, இருங்க. கஸ்தூரியா ரெண்டாவது ரிவியூவர்?

— ஆமா.

— நான் எழுதலையே!

— ஒங்க ஐடியில இருந்து வந்திருக்கு. பேய் எழுதுச்சா?

— சத்தியமாங்க! ரெண்டு பாரா அற்புதம் எழுதி ரெடியா வச்சிருந்தேன். பாஸ்வேர்டு எப்படியோ மாறிப்போய் உள்ளயே போக முடியல. சரி, வேற யாருக்கோ அனுப்பிட்டாகன்னு விட்டுட்டேன்.

— இதயெல்லாம் நம்புறதுக்கு வேற பொண்ணப் பாருங்க. திங்கக்கெழம நான் ரிப்போர்ட் எழுதியாகணும். எடிட்டர் ஒங்க காலேஜுக்கு எழுதுவாரு.

— எழுதுனா ப்ரமோஷன் இல்ல, வேலையே போயிரும்.

— தெரியும்.

— தெரிஞ்சே எழுதுவீகளா? நாளப்பின்ன நமக்குள்ள...

— நமக்குள்ள என்ன? நீங்க காப்பி குடிச்ச டம்ளர் இன்னும் கழுவல.

— நீங்க வாயத் தெறக்கலைன்னா யாருக்குத் தெரியப் போகுது?

— பாக்காத பூச்சிக்கு நீங்க ஒரு மருந்து எழுதுவீக. படிக்காத ஆளு படிச்சதா நான் சேத்துவிடுவேன். அத நம்பி எங்கப்பா திராட்சைப் பந்தல்ல அடிப்பாரு. பெறகு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு, அந்தத் திராட்சை வித்த காசுல அவரு வாங்கிட்டு வர்ற பரோட்டாவத் திங்கிறது?

— ஏலே விஜயி! இன்னும் பேசி முடியலையா? ஒங்கப்பா கீழ ஒக்காந்த எடத்துலயே தூங்கிட்டாரு.

— அம்மா, முட்டு வலியோட நீ எதுக்கு மாடி ஏறி வர்ற?

— நீ என்ன ஒளறி வைக்கிறியோன்னுதேன். ஏன் ரெண்டு பேரு மூஞ்சியும் இப்படி இருக்கு?

— அம்மா, உன் போன்ல கஸ்தூரின்னு ஒரு மெயில் ஐடி...

— டாக்டர் கஸ்தூரி. முழுசாச் சொல்லு. நான் படிக்காத படிப்புக்குப் பட்டம் குடுத்த மகராசனாச்சே நீ.

— டீச்சர், அந்தக் கட்டுரையப் படிச்சது நீங்களா?

— படிச்சுத் திருத்தித் தாங்கன்னு மரியாதையா மெயில் வந்துச்சும்மா. ஏதோ ஸ்கூல் விசயம்னு நெனச்சேன். எவனும் உள்ள நொழையக் கூடாதுன்னு பாஸ்வேர்ட மாத்திட்டு ஒக்காந்தேன். எத்தன வருசம் பரீட்ச பேப்பர் திருத்துன கை! எழுதுனவன் பேரு இல்ல. எவனோ ஒரு சோம்பேறின்னு நெனச்சுத்தேன் படிச்சேன். பூச்சிப் படம் ஒண்ணு வந்துச்சு பாரு, பின்னால எங்க வீட்டுச் சமையக்கட்டு ஜன்னலு. அப்பத்தேன் தெரிஞ்சுச்சு, இது என் சோம்பேறின்னு.

— தெரிஞ்சுமா பெயிலாக்குன? பெத்த மகன?

— பேரப் பாக்காமத் திருத்தணும்னு போட்டிருந்துச்சு. பாக்கல.

— டீச்சர், நீங்க எழுதுனது அத்தனையும் சரி. ஆனாலும் தாயி மகன் கட்டுரையத் திருத்துறது தப்புதேன். நான் அதையும் சேத்து எழுதுவேன். அவரு வேலைக்கு என்ன ஆனாலும் நான் பொறுப்பில்ல.

— எழுதுவன்னு எனக்குத் தெரியும்மா. திருத்தி அனுப்புன பெறகு பெத்த வயிறு கேக்கல. கொஞ்சம் கடுமையக் கொறச்சு மாத்திக் குடுத்துரட்டுமான்னு கேட்டு மெயில் போட்டேன். ‘அனுப்பியது அனுப்பியதுதான், மாற்ற இயலாது’ன்னு ஒத்த வரியில பதில் போட்ட. அதுக்குக் கீழ ஒம் பேரும் கம்பெனி பேரும் இருந்துச்சு. அத எழுதிக் குடுத்துத்தேன், இந்தப் புள்ள யாரு வீட்டுப் புள்ளன்னு பாத்துட்டு வாங்கன்னு தரகர அனுப்புனேன்.