நூற்றுப் பத்துப் பவுண்டு

விமானம் நிறுத்துகிற எங்கள் ஹேங்கரில் தராசில் ஏறச் சொன்னால் எல்லோரும் முதலில் பூட்ஸைக் கழற்றுவார்கள். அப்புறம் கோட்டு. அப்புறம் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்து. விமானத்தில் ஏறும்போது மட்டும் அத்தனையையும் திரும்ப மாட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். யாரையும் ஒன்றும் சொன்னதில்லை. ஆளுக்கு எட்டுப் பவுண்டு மனசுக்குள்ளேயே கூட்டி எழுதிவிடுவேன்.

தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், ஆபீசர். பெயர் தோரா ஸ்வெய்ன்சன், வயது அறுபத்தாறு. வின்னிபெக் ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் பறக்கும் சங்கத்தில் காகித வேலை முழுக்க என்னுடையது. சம்பளம் கிடையாது. "தோராகிட்ட குடு, முடிச்சுக் குடுத்துடுவா" என்பார்கள். எனக்கு அது போதும்.

லோர்ன் டிக் அந்த விமானத்தை வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. கம்பெனியில் செய்ததில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், மினசோட்டாவில், எல்மர் ட்வெய்ட் என்ற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் தன் வீட்டுக் கார் ஷெட்டில் ஒன்பது வருஷம் உட்கார்ந்து கையால் செய்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். வீட்டில் செய்த விமானம் எவ்வளவு எடை தாங்கும் என்று செய்தவரேதான் வரம்பு போடுவார். எல்மர் போட்டது ஆயிரத்து நானூற்றைம்பது பவுண்டு. விமானத்தின் சொந்த எடை, பெட்ரோல், லோர்ன், எல்லாம் போகப் பக்கத்து இருக்கைக்கு மிச்சம் நூற்று முப்பது.

நான் நூற்றுப் பன்னிரண்டு. பூட்ஸோடு.

லோர்னின் மனைவி பெர்னிஸ் நல்ல வாட்டசாட்டமான மனுஷி. நானும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாக இருந்தவர்கள். தராசுப் பக்கமே அவள் வரமாட்டாள். "அது மீன் நிறுக்குறதுடி. நான் என்ன ஏரி மீனா?" என்று கேட்டுவிட்டு, வெளியே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

அதனால் லோர்னுடன் நான் போனேன். முதல் கோடையில் பதினேழு தடவை பறந்தோம். இரண்டாவது கோடையில் முப்பத்தொன்று. இறங்கி வரும்போது பெர்னிஸ் ஃப்ளாஸ்க்கில் காபியும், வெண்ணெய் தடவின பிரொகிக் கொழுக்கட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"என்னடி, மேல போயி என் புருஷன் என்ன பேசுனாரு?"

"இன்ஜின் சத்தத்துல என்ன கேக்கும் பெர்னிஸ்?"

"குடுத்து வச்சவ. வீட்டுல அந்தச் சத்தம்கூட இல்லாம நான் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கு."

சிரிப்போம். நல்ல நாட்கள்.

போன அக்டோபரில், விமானத்துக்கு உறை போட்டுக்கொண்டிருக்கும்போது லோர்ன் சொன்னான்.

"தோரா, அடுத்த கோடைக்கு பெர்னிஸைக் கூட்டிட்டுப் போகணும்னு இருக்கேன். இந்த எடை வரம்பை ஏத்த வழி இருக்கா?"

"ஏன், என் பேச்சு புளிச்சுப்போச்சா?"

"அட, அதில்ல. நீ நல்ல துணைதான். ஆனா மேல போனதும் அவகிட்ட காட்டணும், அவகிட்ட சொல்லணும்னே தோணுது. அவ கீழ நாற்காலியில உக்காந்திருக்கா. நல்லாவா இருக்கு?"

"இன்னும் எத்தனை பவுண்டு ஏத்தணும்?"

"அதை யாரு அவகிட்ட கேக்குறது? நூத்திப்பத்துன்னு போட்டுக்கோ."

வருத்தமா என்று நீங்கள் இரண்டாவது தடவை கேட்கிறீர்கள். இல்லை, வருத்தமெல்லாம் இல்லை. ஒரு சிநேகிதன் ஓர் உதவி கேட்டான். அன்று மாலையே விண்ணப்பத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த விமானம் என்பதால் வாங்கினவர் தன் இஷ்டத்துக்கு வரம்பை ஏற்ற முடியாது. ஏற்றலாம் என்று செய்தவர் கடிதம் கொடுக்க வேண்டும். பிறகு புது எடையை ஏற்றிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் பார்க்க, மூன்று நிமிஷம் மேலே ஏறிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். சுலபம்.

எல்மருக்கு எழுதினேன். ஒரே வாரத்தில் பதில் வந்தது, பென்சிலில், இரண்டு பக்கம். இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் வரைபடத்தில் சொன்ன தகடு கிடைக்காமல் மெல்லிசான தகடு போட்டாராம். வரம்பைக் குறைத்து வைத்ததே அதற்காகத்தானாம். "ஒரு பவுண்டுகூட ஏற்ற வேண்டாம் அம்மா" என்று அடிக்கோடு போட்டிருந்தார். மரியாதையான மனுஷர். ஜனவரியில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

பிப்ரவரியில், ஏற்றலாம் என்று அவர் பெயரில் நான் இன்னொரு கடிதம் எழுதினேன். அவர் எழுத்து வாத்தியார் எழுத்து, பார்த்து எழுதுவது கஷ்டமில்லை. அசலைக் கிழிக்கவில்லை. காகிதத்தைக் கிழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இப்போது உங்கள் கையில் இருக்கிறதே, அதுதான் அசல்.

ஏறிக் காட்டுகிற சோதனைக்கு மணல் மூட்டை வேண்டும். அக்டோபரிலேயே, ஏரி உறைவதற்கு முன்னால், கரையிலிருந்து ஈர மணல் அள்ளி நிறுத்துக் கட்டி, ஒவ்வொரு மூட்டையிலும் எடையை எழுதி ஹேங்கரில் ஹீட்டருக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டேன். மார்ச்சில் மணல் பொரி மாதிரி காய்ந்து லேசாகியிருந்தது. மூட்டையில் எழுதின எண் எழுதினபடியே இருந்தது. திரும்ப நிறுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் கிராண்ட் ஹாலரன் வந்த அன்று மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. அந்தக் குளிரில் காற்று கெட்டியாக இருக்கும். எங்கள் ஊர் மார்ச்சில் இன்ஜின் மாட்டினால் கதவுகூடப் பறக்கும். லோர்ன் மணல் மூட்டைகளோடு ஏறிக் காட்ட, அவர் காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிப் பார்த்தார்.

"பருந்து மாதிரி ஏறுதே தோரா."

"கையால செஞ்சது சார். அக்கறையா செஞ்சிருக்காங்க."

"எங்க கையெழுத்து போடணும்? விரல் உறையறதுக்குள்ள காட்டுங்க."

காட்டினேன்.

ஜூலையில் முதல் சனிக்கிழமை பெர்னிஸ் வந்தாள். மஞ்சளில் புதுச் சட்டை, கையில் கேமரா. முப்பத்துநாலு டிகிரி. ஓடுதளத்தின் மேல் காற்று நெளிந்துகொண்டிருந்தது. அந்த மாதிரி மத்தியானத்தில் காற்றுக்குத் தெம்பே இருக்காது, மேலே போனால் தூக்கித் தூக்கிப் போடும். லோர்னுக்கும் தெரியும். ஆனால் வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று நினைத்தான்.

கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் பெர்னிஸ் நின்றுவிட்டாள்.

"தோரா, ரொம்ப வேகுதுடி. இன்னிக்கு நீயே போயிட்டு வாயேன். நான் இன்னொரு நாள் போறேன்."

"நல்லா இருக்கே. உனக்காக எட்டு மாசமா நான் பேப்பரோட மாரடிச்சிருக்கேன். ஏறு."

"நெசமாவே தாங்குமா? சும்மா சொல்லாத."

"பேப்பர்ல இருக்கு பெர்னிஸ்."

உள்ளேயிருந்து லோர்ன் சிரித்தான். "தோரா சொன்னா அப்பீல் கிடையாது. ஏறு கண்ணு."

அவளுக்கு பெல்ட் எட்டவில்லை. நான்தான் நீட்டி, இழுத்துப் பூட்டிவிட்டேன். என் கன்னத்தைத் தட்டினாள்.

ஓடுதளத்தின் கடைசி வரை ஓடித்தான் எழும்பினார்கள். மெதுவாக ஏறிற்று. கரையைத் தாண்டும்போது காற்று இரண்டு தடவை தூக்கிப் போட்டது. மூன்றாவது தடவை இடது இறக்கை மேல்பக்கமாக மடங்கியது. சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் எங்களுக்கு வந்தது. மற்றவர்கள் படகை எடுக்க ஓடினார்கள். நான் பெர்னிஸின் நாற்காலியை மடக்கி உள்ளே வைத்தேன்.

தெரிந்துதான் செய்தீர்களா என்று கேட்கிறீர்கள். ஆமாம். தகடு மெல்லிசு என்று தெரியும். கடிதம் நான் எழுதினது. மணல் காய்ந்தது தெரியும். அன்றைக்கு வெயில் என்ன செய்யும் என்பதும் தெரியும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் இறங்கியிருப்பாள், இறங்குவதற்குத்தான் காரணம் தேடிக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்து என்று சொன்னால் போட்டுவிடுகிறேன்.

ஆனால் லோர்னையும் என்னையும் பற்றி நீங்கள் நினைப்பது தப்பு. எனக்கு அந்த இருக்கை மேல் ஆசை இருந்திருந்தால், பெர்னிஸ் தானாகக் கொடுத்தபோதே வாங்கிக்கொண்டிருப்பேனே. கேட்டதை முடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அவனுக்கும் அது தெரியும். நான் கதவைச் சாத்துகிற நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பி அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான் என்று அங்கே நின்றவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவன் பார்த்தது என்னைத்தான். அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.